இறக்கத்தின் சூடு எங்கே போகிறது?

2015 ஜூன் மாதம், ஆஸ்திரியாவின் லியோகாங் மலையில் டவுன்ஹில் உலகக் கோப்பைப் பந்தயம். அமெரிக்க வீரர் ஆரன் க்வின் புறப்பட்ட உடனேயே அவருடைய சைக்கிளின் செயின் அறுந்துவிட்டது. மிதித்துப் பயனில்லை. அவர் நிறுத்தவில்லை. அடிவாரம்வரை செயின் இல்லாமலே உருண்டு வந்து முதலிடத்தையும் தட்டிச் சென்றார். இந்த விளையாட்டில் செயின் போனால்கூட ஜெயிக்கலாம். பிரேக் போனால் ஊர் போய்ச் சேர்வதே நிச்சயமில்லை. ஆனாலும் டவுன்ஹில் சைக்கிள் வாங்க வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது, சஸ்பென்ஷன் எத்தனை மில்லிமீட்டர் அமுங்கும் என்றுதான். பிரேக்கைப் பற்றிய பேச்சு, 'நாலு பிஸ்டனா, ரெண்டு பிஸ்டனா?' என்பதோடு முடிந்துவிடுகிறது.

கடை வாசலில் லீவரை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தால், இன்றைய நல்ல டிஸ்க் பிரேக் எதுவானாலும் சிக்கெனப் பிடிக்கும். ஷிமானோ, ஸ்ராம், மகுரா, ஹோப், டி.ஆர்.பி. என்று எதை எடுத்தாலும் பிடிப்புக்குக் குறைவில்லை. வித்தியாசம் தெரிவது மலையின் பாதியில், நாலைந்து நிமிடம் இறங்கிய பிறகு. அங்கே பிரேக்குக்கு நடக்கும் சோதனை பிடிப்பைப் பற்றியதல்ல, சூட்டைப் பற்றியது.

ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியத்தை எடுத்துக்கொள்வோம். உலகக் கோப்பைப் பந்தயங்களால் பேர்பெற்ற தடம். நீளம் மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. உயர வித்தியாசம் ஏறத்தாழ 550 மீட்டர். ஆள், சைக்கிள், தலைக்கவசம், முழங்கால் கவசம் எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று வைத்தால், மேலிருந்து கீழே வருவதற்குள் வெளியாகும் ஆற்றல் சுமார் 540 கிலோஜூல். ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். காற்றும் டயரும் சஸ்பென்ஷனும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை எல்லாம் வாங்கிக்கொள்ள இருப்பவை இரண்டு மெல்லிய எஃகுத் தட்டுகள்.

ஒரே ஒரு வளைவுக்குக் கணக்குப் போட்டாலும் விஷயம் புரியும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து வண்டியை நிறுத்த ஏறத்தாழ 9.6 கிலோஜூலைச் சூடாக்கியாக வேண்டும். அதில் மூன்றில் இரண்டு பங்கு முன்சக்கரத்துக்குப் போகிறது என்று கொண்டால், 200 கிராம் எடையுள்ள முன் தட்டு, அதாவது ரோட்டார், அந்த ஒரே பிடியில் 60 டிகிரிக்கு மேல் சூடேறும். அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

இந்தத் தலைவலி மலைச் சைக்கிள் பிறந்தபோதே உடன் பிறந்தது. 1976-ல் கலிஃபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு மேலே சார்லி கெல்லி நடத்திய இறக்கப் பந்தயங்களுக்கு வந்தவை பழைய ஷ்வின் சைக்கிள்கள். பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பின்சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளேயே பிடிக்கும் பிரேக். ஒரு இறக்கம் முடிவதற்குள் உள்ளே இருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும்; அடுத்த ஓட்டத்துக்குக் குடத்தைத் திறந்து புது கிரீஸ் அடைக்க வேண்டும். அந்தப் பாதைக்குப் பெயரே 'ரீபேக்' (மீண்டும் அடைப்பது) என்று நிலைத்துவிட்டது. இன்று நடுக்குடத்தில் சூடு இல்லை. தட்டுக்கும் அதைக் கவ்வும் பேடுக்கும் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே என் வரிசையில் முதலிடம் ரோட்டாருக்கு. டவுன்ஹில்லில் 200 அல்லது 203 மி.மீ. என்பது நெடுநாள் வழக்கம். இப்போது 220, 223 மி.மீ. தட்டுகளும் சாதாரணமாகிவிட்டன. 180-லிருந்து 203-க்குப் போனால், அதே விரல் அழுத்தத்துக்குச் சுமார் 13 சதவீதம் கூடுதல் பிடிப்பு கிடைக்கும். அதைவிடப் பெரிய லாபம், சூட்டை வாங்கிக்கொள்ள அதிக எஃகும் காற்றில் ஆற அதிகப் பரப்பும் கிடைப்பது. தடிமனையும் பார்க்க வேண்டும். ஷிமானோ தட்டுகள் 1.8 மி.மீ.; டி.ஆர்.பி. 2.3 மி.மீ. வரை போகிறது. தடித்த தட்டு மெதுவாகச் சூடேறும், சுலபத்தில் வளையாது. ஆனால் பேடுகளைத் தாங்கும் காலிப்பர் அந்தத் தடிமனுக்கு இடம் கொடுக்க வேண்டும். ஒரு கம்பெனியின் காலிப்பரில் இன்னொரு கம்பெனியின் தடித்த தட்டைத் திணித்தால் சக்கரம் சுற்றும்போதே உரசிக்கொண்டிருக்கும். ஃபோர்க் தயாரித்தவர்கள் எத்தனை மி.மீ. வரை அனுமதித்திருக்கிறார்கள் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பலர் கணக்கில் சேர்க்காத ஒன்று, சக்கரத்தின் அளவு. 2017-ல் ஃபோர்ட் வில்லியத்தில் கிரெக் மின்னார் 29 அங்குலச் சக்கர சைக்கிளில் வென்ற பிறகு, டவுன்ஹில் உலகமே பெரிய சக்கரத்தின் பக்கம் சாய்ந்தது. சக்கரம் பெரிதானால் அதைப் பிடித்து நிறுத்தத் தட்டு கூடுதலான திருகுவிசையைக் கொடுக்க வேண்டும். பழைய 26 அங்குலச் சக்கரத்தில் 185 மி.மீ. தட்டு செய்த வேலையைத்தான், 29 அங்குலத்தில் 203 மி.மீ. தட்டு செய்கிறது. '203 எப்போதும் போதுமானதாகத்தானே இருந்தது' என்று சொல்லும் பழைய ஆட்களுக்குப் பதில் இதில் இருக்கிறது.

அடுத்தது பேட். பிசினில் நார்களைக் குழைத்துச் செய்த ஆர்கானிக் வகை, உலோகத் தூளைச் சூட்டில் இறுக்கிச் செய்த சின்டர்டு வகை, இரண்டுக்கும் நடுவே அரை உலோக வகை. ஆர்கானிக் பேட் குளிர்ந்திருக்கும்போதே நன்றாகக் கவ்வும், சத்தம் போடாது, காலிப்பருக்குள் சூட்டை அதிகம் கடத்தாது. சின்டர்டு பேட் முதல் சில பிடிகளில் சோம்பலாக இருக்கும், நனைந்தால் ஊரைக் கூட்டும். ஆனால் சூட்டையும் சேற்றையும் தாங்கும். ஸ்காட்லாந்தில் மழை நாளில் கிரானைட் மணல் கலந்த சேறு பேடில் ஏறினால், ஆர்கானிக் பேட் ஒரே நாளில் தகடு தெரியத் தேய்ந்துவிடும். அங்கே யோசிக்க எதுவும் இல்லை, முன்னும் பின்னும் சின்டர்டுதான். உலர்ந்த மண்ணில் குட்டையான இறக்கங்களில் ஓட்டுகிறவர், மென்மையான பிடிப்பை விரும்பினால், ஆர்கானிக்கையே வைத்துக்கொள்ளலாம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. பேட் மாற்றுவதற்கு முன் ரோட்டாரில் பொறித்திருப்பதைப் படிக்க வேண்டும். விலை குறைந்த சில தட்டுகள் ஆர்கானிக் பேடுக்கு மட்டுமே ஆனவை. சின்டர்டு போட்டால் தட்டையே தின்றுவிடும்.

பிரேக் தளர்கிறது என்று சொல்கிறோமே, அதில் இரண்டு வகை உண்டு. பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் வீண் செலவு மிச்சம். லீவர் விறைப்பாகவே இருக்கிறது, ஆனால் வண்டி நிற்க மறுக்கிறது என்றால் குற்றவாளி பேட்: அதன் மேல்பரப்பு வெந்து கண்ணாடிபோல் பளபளத்திருக்கும். அதற்கு வேறு பேட் வேண்டும். லீவர் தொளதொளத்து ஹேண்டில்பார்வரை வருகிறது என்றால் உள்ளே ஆயில் கொதித்து ஆவிக்குமிழி விழுந்திருக்கிறது. அதற்குப் பேட் மாற்றி என்ன பயன்?

ஆயிலிலும் இரண்டு கட்சிகள். ஹோப், ஹேஸ், ஸ்ராமின் பழைய 'கோடு' பிரேக்குகள் டாட் திரவத்தில் ஓடுகின்றன. நம் மோட்டார் சைக்கிள் மெக்கானிக் ஊற்றும் அதே டாட் 4-ஐப் போன்றதுதான். ஷிமானோவும் மகுராவும் மினரல் ஆயில். ஸ்ராம்கூட 2024-ல் கொண்டுவந்த மேவன் பிரேக்கை மினரல் ஆயிலுக்குத்தான் செய்தது. டாட் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4-ன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியதற்கு அந்த வரம்பு 155 டிகிரிதான். மினரல் ஆயில் ஈரத்தை உறிஞ்சாது. ஆனால் எப்படியோ உள்ளே புகுந்த நீர்த்துளி அதில் கரையாமல், அடியில் சூடான காலிப்பர் பக்கம் போய்த் தங்கி 100 டிகிரியில் கொதிக்கும். எந்தக் கட்சியானாலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆயில் மாற்றியாக வேண்டும். ஒன்றில் இன்னொன்றை ஊற்றினால் ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டுப்போகும். இரண்டில் எது உயர்ந்தது என்று நடக்கும் சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. பழைய ஆயில்தான் மோசமான ஆயில்.

கடைக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் ஓர் ஆலோசனையோடு எனக்கு உடன்பாடு கிடையாது. 'நீங்க புதுசுதானே, ரேஸா ஓட்டப் போறீங்க, சின்ன பிரேக்கே போதும்' என்பார்கள். சூட்டின் கணக்கு வேறு மாதிரி. மிக மெதுவாக இறங்குகிறவர் ஒவ்வொரு நொடியும் இழக்கும் உயரம் கொஞ்சம்தான். தட்டுக்கு ஆற நேரம் கிடைக்கும். பந்தய வீரரின் வேகத்தில், பிரேக் செய்ய வேண்டிய வேலையில் பெரும்பங்கைக் காற்றே செய்துவிடும். அவர் வளைவுக்கு முன் ஒரே பிடியாகப் பிடித்துவிட்டு விரலை எடுத்துவிடுவார். நடுத்தர வேகத்தில், பயத்தோடு, லீவரை விடாமல் தொட்டுக்கொண்டே இறங்குகிறவரின் ரோட்டார்தான் நன்றாகக் காயும். உடல் கனம் கூடினால் இன்னும் மோசம். பெரிய தட்டும் நாலு பிஸ்டன் காலிப்பரும் அவருக்குத்தான் முதலில் தேவை.

பிரான்சின் ஆல்ப் துயெஸில் நடக்கும் மெகாவலான்ஷ் பந்தயத்தில் இது பளிச்சென்று தெரியும். 3,300 மீட்டர் உயரத்தில் பீக் பிளான் சிகரத்தின் பனியில் தொடங்கி, பள்ளத்தாக்கின் அலமோன் கிராமத்தில் முடியும் தடம். இறக்கம் மட்டும் சுமார் 2,600 மீட்டர், கிட்டத்தட்ட ஐந்து ஃபோர்ட் வில்லியம். மேலே பனி ஈரத்தில் குளிர்ந்து கிடக்கும் பேட், கீழ்க்காடுகளில் கை வலித்து எல்லாரும் பிரேக்கைத் தொட்டுக்கொண்டே போகும் இடத்தில் வெந்துவிடும்.

கையில் பணம் அளவாக இருக்கிறவர் முழு பிரேக்கையும் மாற்ற வேண்டியதில்லை. முன்பக்கம் பெரிய ரோட்டார், அதற்கான அடாப்டர், இரண்டு சக்கரத்துக்கும் நல்ல பேட், புது ஆயில் என்று முதலில் செய்து பார்க்கலாம். அதற்கும் அடங்காவிட்டால் காலிப்பரைப் பற்றி யோசிக்கலாம். லீவரின் உணர்வு அவரவர் விரலைப் பொறுத்தது. ஷிமானோ தொட்டவுடன் கடிக்கும், ஸ்ராம் கோடு அழுத்த அழுத்தக் கூடும். நண்பரின் சைக்கிளில் ஓட்டிப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டிய சங்கதி அது.

புதுப் பேட் போட்ட அன்றே மலைக்குப் போகக் கூடாது. சமதளத் தெருவில் நடுத்தர வேகத்திலிருந்து இருபது முறை, பிறகு இன்னும் வேகத்திலிருந்து பத்து முறை, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் நடைவேகம் வரும்வரை பிடித்து விட வேண்டும். பேடின் மெல்லிய படலம் தட்டில் சீராக ஏறினால்தான் முழுப் பிடிப்பு வரும். செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது ரோட்டாரைத் துணியால் மூடிவிட வேண்டும். பேட் எண்ணெய் குடித்துவிட்டால் தேய்த்தும் சுட்டும் மீட்கலாம் என்று சொல்வார்கள், புதிது வாங்குவதே நல்லது. பேடில் உராயும் பகுதி அரை மில்லிமீட்டராகக் குறைந்தாலோ, 1.8 மி.மீ. ஷிமானோ தட்டு 1.5-க்கு இறங்கினாலோ மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். பந்தயத்துக்குப் போகிறவர்கள் ஒரு ஜோடி பேடை முன்கூட்டியே பழக்கி எடுத்து உறையில் போட்டு வைத்துக்கொள்வது நல்லது. எந்த ஜோடி எந்த ரோட்டாரில் பழகியது என்று உறையின் மேல் எழுதி வைத்தால் போதும்.