சொட்டுக் குழாயும் 5 ரூபாய் வாஷரும்

எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய், எவ்வளவு இறுக்கி மூடினாலும் சொட்டிக்கொண்டே இருந்தது. பிளம்பருக்கு மூன்று முறை போன் செய்தும், "சின்ன வேலைதானேம்மா, அந்தப் பக்கம் வந்தா பாக்கறேன்" என்பதோடு சரி. ஒரு நாள் ராத்திரி 10 மணிக்கு, குழாயடியில் 15 லிட்டர் வாளியை வைத்தேன். காலை 6 மணிக்குப் பார்த்தால் பாதி வாளி! மூன்று நாளைக்கு ஒரு முறை தண்ணீர் பிடிக்கிறவளுக்கு வயிறு எரியாதா?

நானே இறங்கிவிட்டேன். "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை?" என்றார் மாமியார். மாடித் தொட்டி வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடிய விட்டேன். சின்ன நட்டு உள்ளே விழுந்துவிடாமல் இருக்க, சிங்க் ஓட்டையைத் துணியால் அடைத்தேன். குழாயின் மேல் நட்டை ஸ்பேனரால் இடப்பக்கம் திருப்ப, கைப்பிடியோடு தண்டு கழன்று வந்தது. அடியில் இருந்த ரப்பர் வாஷர் தேய்ந்து, பள்ளம் விழுந்திருந்தது. அதையே ஹார்டுவேர் கடைக்கு எடுத்துப்போய், அதே அளவில் புதிது வாங்கினேன். விலை 5 ரூபாய்! மாட்டியதும் சொட்டு நின்றது.

சகோதரிகளே, சொட்டுகிறதே என்று குழாயை மேலும் மேலும் இறுக்காதீர்கள். வாஷர்தான் சீக்கிரம் நசுங்கும். இந்த வைத்தியம், பல சுற்று திருகும் பழைய மாதிரிக் குழாய்க்குத்தான். பாதிச் சுற்றில் திறக்கும் புது மாதிரிக் குழாயின் உள்ளமைப்பு வேறு.

மாமியார் இப்போது என்ன சொல்கிறார் தெரியுமா? "பாத்ரூம் குழாயும் ஒழுகுது, கொஞ்சம் பாரேம்மா!"

- ஒரு குடும்பத் தலைவி, விருதுநகர்.