வஹகோட்டையிலிருந்து சிங்கப்பூருக்கு: பயந்த பிள்ளைக்கு ஒரு பயணத் திட்டம்

வஹகோட்டை அந்தோனியார் கோயிலுக்கு வந்து மெழுகுதிரி கொளுத்துகிறவர்களில் வெளிநாடு புறப்படுகிறவர்களும் இருப்பார்கள். தொலைந்ததை மீட்டுத் தருகிறவர் என்று பெயரெடுத்த அந்தப் புனிதரின் முதல் கடல்கடந்த பயணம் எப்படி முடிந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1195ஆம் ஆண்டளவில் லிஸ்பனில் பிறந்தவர், 1220இல் மொரோக்கோவுக்குப் போனார். போன இடத்தில் காய்ச்சலில் படுத்தார். சரி, ஊருக்கே திரும்புவோம் என்று கப்பலேறினால் புயல் அதைச் சிசிலித் தீவில் கொண்டுபோய் ஒதுக்கியது. போட்ட திட்டம் ஒன்றும் நடக்கவில்லை. இத்தாலியிலேயே தங்கி, 1231இல் பாதுவாவில் காலமானார்.

கலேவெலைப் பக்கத்து இந்தக் கிராமத்தின் பழைய குடும்பங்கள் போர்த்துக்கேய வழிவந்தவர்கள் என்று பேசப்படுபவை. கடல் தாண்டி வந்தவர்களின் ஊரிலும் இருபது வயதுப் பிள்ளைக்குக் கட்டுநாயக்க விமான நிலையம் என்றதும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். வேலைக்காக இல்லாமல், சேர்த்த காசில் ஒரு நகரத்தைச் சும்மா சுற்றிப் பார்க்க முதன்முதலாகப் போக நினைக்கிற, ஆனால் நினைத்தவுடன் நெஞ்சு படபடக்கிற பிள்ளைக்காக இதை எழுதுகிறேன்.

பயந்த சுபாவம் உள்ளவர்கள் பெரும்பாலும் தவறான இடத்தில்தான் அதிகம் திட்டம் போடுகிறார்கள். காலை எட்டு மணிக்கு இந்தப் பூங்கா, பத்துக்கு அந்த அருங்காட்சியகம் என்று நாலு நாளுக்கு அட்டவணை தயாராகிவிடும். ஆனால் பயம் பூங்காவில் இல்லை. குடிவரவு அதிகாரியின் கண்ணாடிக் கூண்டு, ரயில் நிலையத்தின் தானியங்கிக் கதவு, இரவு பத்து மணிக்கு விடுதியின் பூட்டிய வாசல், இங்கேதான் அது காத்திருக்கிறது. வீட்டுப் படி இறங்கியதிலிருந்து போய்ச் சேர்ந்து கட்டிலில் விழும்வரை உள்ள வழியை நிமிடக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வருவதை வெறுமையாக விட்டாலும் குற்றமில்லை.

முதலில் எந்த நகரம்? பலரும் சென்னை என்பார்கள். ஒன்றரை மணித்தியாலம்கூட ஆகாத பறப்பு, எங்கும் தமிழ். ஆனால் இலங்கையருக்கு இந்திய விசா வேண்டும். ஓட்டோக்காரரோடு பேரம் பேச வேண்டும். வீதி கடப்பதே ஒரு வித்தை. சென்னை எனக்குப் பிடித்த ஊர், ஆனால் பதற்றக்காரருக்கு அதை இரண்டாவது பயணமாகத்தான் சொல்வேன். முதலாவதுக்குச் சிங்கப்பூர். செலவு கூடியது, மறைக்கவில்லை. அங்கே இலங்கைக் கடவுச்சீட்டுக்குச் சுற்றுலா விசா தேவையில்லை; எத்தனை நாள் இருக்கலாம் என்பதை இறங்கும்போது தீர்மானிப்பார்கள், வழக்கமாக 30 நாள்வரை தருவார்கள். தமிழ் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று, ரயில்களின் பாதுகாப்பு அறிவித்தல்கள் தமிழிலும் இருக்கும். எல்லாவற்றிலும் மேலாக, அங்கே பேரம் பேசத் தேவையான இடங்கள் குறைவு. விலை எழுதியிருக்கும், வழி எழுதியிருக்கும், செய்யக்கூடாதது எழுதியிருக்கும். பயந்த மனத்துக்கு எழுதிவைத்த ஊர்தான் நல்லது.

கடவுச்சீட்டைப் பொறுத்தவரை வஹகோட்டைக்காரருக்குக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் கண்டி, குருணாகல் பிராந்திய அலுவலகங்கள் கிட்ட. தலைமை அலுவலகம் பத்தரமுல்லையில். பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, திணைக்களம் அங்கீகரித்த ஸ்டூடியோவில் படம் எடுத்து வாங்கிய துண்டு, இவை கையில் வேண்டும். 2024 பெப்ரவரியில் உயர்த்திய கட்டணப்படி சாதாரண சேவைக்கு 10,000 ரூபாய், ஒருநாள் சேவைக்கு 20,000. அதே ஆண்டின் பின்பகுதியில் வெற்றுக் கடவுச்சீட்டுத் தட்டுப்பாட்டால் பத்தரமுல்லையில் சனம் இரவிரவாக வரிசையில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே டிக்கெட்டை முதலில் வாங்கிவிட்டுக் கடவுச்சீட்டுக்கு ஓடாதீர்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், போய் இறங்கும் நாளில் அது இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாகுமா என்று பாருங்கள்.

அடுத்தது சிங்கப்பூரின் வருகை அட்டை. இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள், அந்நாட்டுக் குடிவரவு ஆணையத்தின் இணையத்தளத்திலோ செயலியிலோ நிரப்ப வேண்டும். இது இலவசம். காசு கேட்கும் தளம் வந்தால் அது இடைத்தரகரின் தளம் அல்லது ஏமாற்று. மூடிவிட்டு வேறு பாருங்கள். இந்த அட்டை விசா அல்ல என்பதும் நினைவிருக்கட்டும்.

காசு விஷயத்தில் ஒரு சங்கடம் உண்டு. சிங்கப்பூர் டொலர் ஒன்று சுமார் 230 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், உணவங்காடியில் ஐந்து டொலர்ச் சாப்பாடு 1,150 ரூபாய். ஒவ்வொரு கவளத்தையும் பெருக்கிப் பார்த்தால் தொண்டையில் இறங்காது. ஊரிலேயே ஒருமுறை பெருக்கி, நாளுக்கு இவ்வளவு என்று தொகையை ஒதுக்கிவிட்டு, அங்கே டொலரில் மட்டும் எண்ணுங்கள். வங்கிக்குப் போய் உங்கள் அட்டை வெளிநாட்டில் வேலை செய்யுமா, எந்த அளவுக்கு என்று கேட்டு இயக்கிவைத்துக்கொள்ளுங்கள். அட்டை இரண்டு இருந்தால் இரண்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள். கொஞ்சம் டொலர் நோட்டும் கையில் இருக்கட்டும். பெரிய உணவகங்களில் விலைக்கு மேல் 10 வீதம் சேவைக் கட்டணமும் 9 வீதம் வரியும் ஏறும். உணவங்காடியில் எழுதியதே விலை.

இனி வாசல்கள். கலேவெலையிலிருந்து குருணாகல், அங்கிருந்து கட்டுநாயக்க. விமானத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்னே போய்ச் சேர்வது போதும். ஆறு மணித்தியாலம் முன்னே போய்க் கதிரையில் குந்தியிருந்தால் பதற்றத்துக்கு நாமே தீனி போட்டதாகிவிடும். வாசலில் பொதிச் சோதனை, பிறகு விமானக் கம்பனியின் மேசை, பிறகு குடியகல்வு, கடைசியில் ஏறும் வாசலில் இன்னொரு சோதனை. நூறு மில்லிலீற்றருக்கு மேல் எந்தத் திரவமும் கைப்பையில் வேண்டாம். அம்மா கட்டித் தந்த ஊறுகாய்ப் போத்தலைப் பெரிய பொதியில் போடுங்கள்.

குடியகல்வு மேசையில் இளம் ஆட்களைக் கொஞ்சம் கூடவே விசாரிப்பார்கள். காரணம் இருக்கிறது. சுற்றுலா என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய் மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம். தாய்லாந்துக்குப் போன இலங்கை இளைஞர்கள் பலர் மியன்மாரின் மியாவடிப் பக்கத்து இணைய மோசடி முகாம்களில் அடைபட்டு, அரசாங்கம் தலையிட்டு மீட்டுவர வேண்டியதாயிற்று. கேள்வி உங்கள்மேல் சந்தேகத்தால் மட்டும் வருவதல்ல. திரும்பும் டிக்கெட், விடுதிப் பதிவு, வேலை செய்யும் இடத்து விடுப்புக் கடிதம் அல்லது படிக்கும் இடத்துக் கடிதம், மூன்றையும் கடதாசியில் எடுத்துப் போங்கள். தொலைபேசியின் பற்றரி அந்த நேரம் பார்த்துத்தான் போகும். எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள், செலவு யாருடையது என்ற மூன்று கேள்விக்கும் ஒவ்வொரு வரியில் உண்மையான பதில். நீட்டி முழக்க வேண்டாம். அங்கே வேலை செய்யும் சித்தப்பா மகனைப் பார்க்கப் போவதானால் அதையே சொல்லுங்கள்.

அதோடு, 'டிக்கெட் நான் போடுறன், சுற்றுலாவா வா, வந்தாப் பிறகு வேலை பாக்கலாம்' என்று யாராவது சொன்னால் அது பயணம் அல்ல. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு எடுத்து விசாரியுங்கள்.

விமானத்துக்குள் காது அடைக்கும். உள்ளே காற்றழுத்தம் தரையில் இருப்பதைவிடக் குறைவு. ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்தில் இருக்கும் அளவு என்பார்கள். அதாவது நுவரெலியாவில் தொடங்கிப் பீதுறுதாலகாலை உச்சிவரை. நுவரெலியாவுக்கு பஸ்ஸில் ஏறும்போது எச்சில் விழுங்கியதுபோல் இங்கேயும் விழுங்கினால் சரி. ஆட்டம் வந்தால் பட்டியைப் போட்டுக்கொண்டு பணிப்பெண்களின் முகத்தைப் பாருங்கள்; அவர்கள் தேநீர்க் கோப்பையைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். பறப்பு ஏறத்தாழ நான்கு மணித்தியாலம். அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னே. எத்தனை மணிக்கு அழைப்பேன் என்று வீட்டில் சொல்லும்போது இலங்கை நேரத்தில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் அம்மாவுக்கு இரத்த அழுத்தம்.

சாங்கி விமான நிலையத்தில் குடிவரவு பெரும்பாலும் இயந்திரத்தில் முடியும். கடவுச்சீட்டை வைத்து, கமெராவைப் பார்த்து, கதவு திறந்தால் உள்ளே. முத்திரை குத்த மாட்டார்கள். தங்கும் அனுமதி மின்னஞ்சலில் வரும். அதிகாரியிடம் போகச் சொன்னால் பயப்பட ஒன்றுமில்லை, மேலே சொன்ன மூன்று பதிலே அங்கும் பதில்.

தங்குவதற்கு லிட்டில் இந்தியாவைச் சொல்வேன், முக்கியமாக ரயிலுக்காக. விமான நிலையத்திலிருந்து ஒரே ஒரு நிறுத்தம் போய் எக்ஸ்போவில் இறங்கி, டவுன்டவுன் பாதை ரயிலுக்கு மாறினால் அது நேரே லிட்டில் இந்தியாவில் கொண்டுபோய் விடும். முக்கால் மணித்தியாலக் கணக்கு. டிக்கெட் வாங்கும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. தொடாமல் செலுத்தும் வசதியுள்ள விசா அல்லது மாஸ்டர் வங்கி அட்டையை வாசலில் தட்டினால் திறக்கும், வெளியேறும்போது அதே அட்டையை மறுபடி தட்ட வேண்டும். வெளிநாட்டு அட்டைக்குச் சிறு மேலதிகக் கட்டணம் பிடிப்பார்கள். ரயிலில் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது, 500 டொலர்வரை தண்டம். ரயில் நள்ளிரவோடு நின்றுவிடும். ஆகவே இரவில் இறங்கும் விமானத்தைவிடக் காலையில் இறங்குவதைத் தேர்ந்தெடுங்கள். வெளிச்சத்தில் எந்த ஊரும் பாதி பழகிய ஊர்தான்.

முதல் சாப்பாட்டுக்கு டெக்கா நிலையம், ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே. கீழ்த்தளத்தில் சாப்பாட்டுக் கடைகள். பிரியாணிக்கு வரிசையில் நின்று தட்டோடு திரும்பினால் வெறுமையாகத் தெரியும் மேசையில் ஒரு கடதாசிக் கைக்குட்டைப் பொட்டலம் கிடக்கும். யாரோ மறந்துவிட்டார்கள் என்று நினைத்து உட்கார்ந்துவிடாதீர்கள். அது 'இந்த இடம் பிடித்தாயிற்று' என்பதற்கு அந்த ஊரின் அடையாளம். நீங்களும் ஒரு பொட்டலம் வாங்கி அப்படியே செய்யலாம். தனியாகப் போகிறவருக்கு இது பெரிய வசதி. சாப்பிட்டதும் தட்டை எடுத்துப் போய் அதற்குரிய இடத்தில் வைக்க வேண்டும், 2021 முதல் இது கட்டாயம். குழாய்த் தண்ணீரைப் பயமின்றிக் குடிக்கலாம். வீட்டில் பாவிக்கும் மூன்று சதுர முள் பிளக் அங்கும் பொருந்தும்.

சட்டங்களைப் பற்றி ஊரில் கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்வார்கள். ஆனால் இவை உண்மை. சூயிங்கம் 1992 முதல் உள்ளே கொண்டுவரத் தடை. மின்சிகரெட் வைத்திருப்பதே குற்றம். மெல்லும் புகையிலையும் தடை. மாமாவுக்கென்று யாராவது பொட்டலம் தந்தால் வாங்காதீர்கள். பொதுவாகவே பிறருடைய பொதியைத் தூக்காதீர்கள், போதைப்பொருள் கடத்தலுக்கு அங்கே மரண தண்டனை உண்டு. பதற்றத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் இதைக் கவனியுங்கள்: டயசெபாம் போன்ற மருந்துகளுக்குச் சிங்கப்பூர்ச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவைப்படலாம். வைத்தியரின் கடிதத்தோடு புறப்படுமுன்னரே விண்ணப்பியுங்கள். இதைச் சாங்கியில் வைத்து யோசிக்கக் கூடாது.

அப்படியும் ஓரிடத்தில் மூச்சு முட்டலாம், பெரிய ரயில் சந்திப்பில் மாலை ஐந்தரை மணிக்குச் சனம் நெருக்கும்போது. அடுத்த ரயிலை விடுங்கள், அதற்கடுத்ததையும் விடுங்கள். சில நிமிடத்தில் இன்னொன்று வரும். சுவரோரம் நின்று, இழுத்ததைவிட மெதுவாக மூச்சை விடுங்கள். படபடப்பு ஏறுவதைப்போலவே இறங்கவும் செய்யும். இந்தப் படபடப்பு ஊரிலேயே நாளாந்த வாழ்க்கையைக் கெடுக்கிறது என்றால் பயணத்துக்கு முன்னரே வைத்தியரைப் பாருங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கும் பேசலாம்.

தனிமை வேறு விதமான தொல்லை. இரண்டாம் நாள் மாலையில்தான் அது வரும். அதற்கென்று ஓரிரண்டு இடத்தைக் குறித்துவைப்பது நல்லது. ஓஃபிர் வீதியில் லூர்து மாதா கோயில் இருக்கிறது. தமிழ்க் கத்தோலிக்கருக்காக 1888இல் கட்டியது, தமிழில் பூசை உண்டு. கதோங் பக்கம் சிலோன் வீதியிலுள்ள செண்பக விநாயகர் கோயில் இலங்கைத் தமிழர் எழுப்பியது. அந்த நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். நம் ஆட்கள் நூறு வருடத்துக்கு மேலாக நடமாடிய தெருக்கள் அவை. மற்ற நேரமெல்லாம் கால் போன போக்கில் நடக்கலாம். பட்டியலில் இருந்த பாதி இடத்தைப் பார்க்காமல் வந்தாலும் யாரும் கணக்குக் கேட்கப் போவதில்லை.

திரும்பும் வழிக்கும் ஒரு வாசல் உண்டு, அதை அநேகர் மறந்துவிடுகிறார்கள். கட்டுநாயக்கவில் நள்ளிரவு கடந்து இறங்கினால் அந்த நேரத்தில் கலேவெலைக்கு எதில் போவது என்பதைப் புறப்படுமுன்னரே தீர்மானியுங்கள். வீட்டிலிருந்து யாராவது வருவதென்றால் விமான இலக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், விமானம் தாமதித்தால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். யாரும் வர வசதியில்லை என்றால், விடியும்வரை நிலையத்துக்குள்ளேயே இருந்துவிட்டுக் குருணாகல் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடியுங்கள்.