கனவு இல்லத்தில் ஒரு கணிப்பொறி ஒலியறை

“பொருளுக்கு எல்லை இல்லை, வேண்டுவன எல்லாம் வாங்கிக்கொள்க” என்று ஒருவர் நம்மிடம் கூறினால், கணிப்பொறியும் ஒலிக்கருவிகளும் அமைந்த ஓர் அறையை நம் இல்லத்தில் எவ்வாறு உருவாக்குவோம்? இளைஞர் பலர் உடனே கருவிகளின் விலைப்பட்டியலைத்தான் கையில் எடுப்பர். அறிவியல் காட்டும் வழி வேறு. முதற்செலவு கருவிக்கன்று, அறைக்கேயாகும்.

1895ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் புதிதாகக் கட்டிய சொற்பொழிவு அரங்கு ஒன்றில், பேசியது எவருக்கும் விளங்கவில்லை. ஒரு சொல் ஐந்தரை நொடிகள் வரை அடங்காது முழங்கி, பின்வந்த சொற்களை மூடிற்று. இக்குறையைக் களையும் பணி வாலஸ் கிளெமென்ட் சபைன் என்னும் இளம் இயற்பியல் ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் மற்றோர் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவு வேளைகளில் கொணர்ந்து பரப்பி, முழக்கம் அடங்கும் நேரத்தை அளந்தார். அவ்வுழைப்பின் பயனே சபைன் வாய்பாடு. அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, ஒலியை உட்கவரும் மொத்தப் பரப்பால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் கிடைக்கும். 1900இல் திறக்கப்பெற்ற பாஸ்டன் சிம்பொனி அரங்கு இவ்வாய்பாட்டின் துணையால் எழுந்ததாகும்.

இதனை நம் கனவறைக்குப் பொருத்திப் பார்ப்போம். நீளம் 5 மீட்டர், அகலம் 4 மீட்டர், உயரம் 3 மீட்டர் எனில் கன அளவு 60 கன மீட்டர். சுவர், தரை, கூரை ஆகியவற்றின் மொத்தப் பரப்பு 94 சதுர மீட்டர். சிமெண்டுப் பூச்சும் மொசைக் தரையும் தம்மேல் விழும் ஒலியில் நூற்றில் மூன்று பங்கையே உட்கவரும் எனக் கொண்டால், எதிர்முழக்க நேரம் மூன்று நொடிக்கும் மேலாகும். அதனை 0.4 நொடியாகக் குறைக்க 24 சதுர மீட்டருக்கு ஈடான உட்கவர் பரப்பு வேண்டும். தடித்த திரைச்சீலை, கம்பளம், நூல்கள் நிறைந்த அலமாரி, கண்ணாடி இழைப் பலகை ஆகியன அதனைத் தரும். நீள அகல உயரங்கள் சமமாகவும் இருத்தலாகாது. நான்கு மீட்டர்க் கனசதுர அறையில் மூன்று திசைகளிலும் ஏறத்தாழ 43 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணிலேயே நிலையலைகள் எழுந்து, அந்த ஒரு சுரம் மட்டும் இரைச்சலிடும்.

அடுத்து வேண்டுவது அமைதி. விசிறி சுழலும் கணிப்பொறியைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டுத் திரையையும் விசைப்பலகையையும் மட்டும் மேசையில் வைப்போம். கருவிகள் யாவும் ஒரே எர்த் இணைப்பைப் பெறுதல் வேண்டும். தவறினால் மின்னோட்டத்தின் 50 ஹெர்ட்ஸ் முணுமுணுப்பு ஒலிபெருக்கியில் கேட்கும். இரண்டு ஒலிபெருக்கிகளும் கேட்போர் இருக்கையும் சமபக்க முக்கோணமாக அமைதல் நலம்.

பின்னர்த்தான் கருவி. 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு, ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து பதிவு செய்கிறது. இதனால் 22,050 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளைப் பதியலாம். மனிதச் செவியின் எல்லையோ 20,000 ஹெர்ட்ஸ். வயது ஏற ஏற அதுவும் குறையும். ஆகவே இதற்கு மேல் பன்மடங்கு விலை கொடுத்துப் பெறும் எண்கள், கேட்கும்போது செவிக்கு எட்டுவதரிது.

செவியைப் பற்றி இளைஞர்க்கு ஒரு சொல். 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்திற்கு மேல் கேட்டல் தீங்கென அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் வரையறுத்துள்ளது. ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்திற்கும் இந்நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரமே. உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. எல்லையற்ற பொருளாலும் அவற்றை வாங்கவியலாது.

பொருளால் வாங்கவியலாதது மற்றொன்றும் உண்டு. 1980களில் கடல் கடந்து பணிக்குச் சென்றோர் பலர், மடலுக்கு மாற்றாகத் தம் குரலையே ஒலிநாடாவில் பதிந்து அனுப்பினர். அந்நாடாக்கள் இன்றும் பல இல்லங்களின் பெட்டிகளில் உறங்குகின்றன. ஈரமும் பூஞ்சையும் அவற்றை அரித்துவருகின்றன. பிள்ளைகளுக்கு அவை பழம்பொருள். பேசியவருள் பலர் இன்று நம்மிடையே இல்லை. ஆதலின் நம் கனவறையில் முதலிடம் பெறத்தக்கது, தலைப்பகுதி துடைக்கப்பட்டுச் சாய்வு திருத்தப்பட்ட பழைய நாடா இயக்கி ஒன்றே. நொடிக்கு 48,000 அளவு, 24 பிட் என்னும் தரத்தில் பதிந்தால், 90 நிமிட நாடா ஏறத்தாழ ஒன்றரை கிகாபைட்டில் அடங்கிவிடும். படிகளை வெவ்வேறு இடங்களில் வைத்துக் காக்கலாம்.

கனவறை அமையும் நாள் வரை இப்பணி காத்திருக்க வேண்டுவதில்லை. இயங்கும் நாடா இயக்கியும் எளிய கணிப்பொறியும் போதும். மாணவர்கள் இவ்விடுமுறையில் தம் இல்லத்துப் பெட்டியைத் திறந்து பார்ப்பார்களாக! பெரியோர்கள் அந்நாடாக்களை எடுத்துக் கொடுத்து, பேசுபவர் யார், எந்த ஆண்டு என்பதையும் சொல்லி உதவுவார்களாக!