கல்குவாரிப் புழுதியும் கார்னாபா மெழுகும்

செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் போகும் சாலையில் வாலாஜாபாத்தைத் தாண்டுகிற எந்த காரும் சுத்தமாக வீடு போய்ச் சேர்வதில்லை. சுற்றுவட்டாரக் கல்குவாரிகளிலும் கிரஷர்களிலும் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு டிப்பர் லாரிகள் விடியலுக்கு முன்பே ஓடத் தொடங்கிவிடும். தார்ப்பாய் ஒழுங்காகக் கட்டாத லாரிக்குப் பின்னால் ஐந்து நிமிடம் போனால் போதும், பானட்டின் மேல் விரலால் பெயர் எழுதலாம். வீட்டுக்கு வந்ததும் நம்மவர்கள் செய்கிற முதல் வேலை, டிக்கியில் கிடக்கும் பழைய துணியை எடுத்து அந்தப் புழுதியைத் துடைப்பது. காரின் பெயின்ட் கெடுவது பெரும்பாலும் அந்தத் துணியால்தான்.

அந்தப் புழுதி வயல்மண் கிடையாது, கருங்கல்லை அரைத்த தூள். அதில் இருக்கும் குவார்ட்ஸ் கண்ணாடியையே கீறக்கூடியது. கார் பெயின்ட்டின் மேல்பூச்சு கண்ணாடியைவிட எவ்வளவோ மென்மை. உலர்ந்த துணி அந்தத் தூளை அகற்றுவதில்லை, பெயின்ட்டோடு சேர்த்துத் தேய்க்கிறது. கறுப்பு காரை மதிய வெயிலில் நிறுத்திப் பாருங்கள். சூரியன் பிரதிபலிக்கும் இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போல வட்ட வட்டமாகக் கீறல்கள் தெரியும். வெள்ளை காரிலும் அதே கீறல்கள் உண்டு, கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

வாலாஜாபாத்துக்காரர்களுக்கு கார் பெயின்ட் அந்நியமான விஷயமும் அல்ல. வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் இருக்கிறது ஒரகடம். 2010-ல் ரெனோ-நிஸான் ஆலையும், 2012-ல் பாரத்பென்ஸ் லாரிகளுக்கான டெய்ம்லர் ஆலையும், அடுத்த ஆண்டே ராயல் என்ஃபீல்டு ஆலையும் அங்கே வந்தன. சற்றுத் தள்ளி இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998 முதல் கார் தயாரிக்கிறது. இந்த ஆலைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் இந்தப் பக்கத்து ஊர்களில் ஏராளம். பெயின்ட் ஷாப்பில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் தெரியும், காரின் மேலிருக்கும் நிறம் எத்தனை மெல்லியது என்று. துருவைத் தடுக்க மின்சாரத்தின் உதவியோடு படியவைக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் பிரைமர், பிறகு நிறம், கடைசியாக நிறமில்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்தே 100 முதல் 140 மைக்ரான்தான் வரும். ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறக்குறைய 40 மைக்ரான். பளபளப்பும் அதில்தான், வெயிலின் புறஊதாக் கதிரைத் தாங்கும் சக்தியும் அதில்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு வாட்டர் வாஷ் கடைக்குப் போவோம். “அண்ணே, டல்லா இருக்கு. ஒரு ரப்பிங் போட்டுடவா? புதுசு மாதிரி ஆயிடும்” என்பார் பையன். ஆகத்தான் செய்யும். ரப்பிங் என்பது கீறலின் ஆழம் வரைக்கும் சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சீவி எடுப்பது. காட்டமான காம்பவுண்டும் மெஷினும் சேர்ந்தால் ஒரே தடவையில் சில மைக்ரான் போய்விடும். போனது திரும்பி வராது. சர்வீசுக்கு ஒரு ரப்பிங் என்று போட்டுக்கொண்டே போனால், கதவு விளிம்பிலும் பானட்டின் மடிப்பிலும் முதலில் நிறம் வெளுத்து, பிறகு கிளியர் கோட் தோல் உரிவது போல உரியும். அதன் பிறகு ரீ-பெயின்ட் தவிர வேறு வழியில்லை. எத்தனை மைக்ரான் மிச்சம் இருக்கிறது என்று காட்டும் சிறிய கருவி உண்டு. அதை வைத்துப் பார்க்காமல் மெஷினைத் தூக்குகிற கடையில் பழைய காரைக் கொடுக்காதீர்கள்.

அப்படியானால் மெழுகு பூசுவதற்கு முன் என்னதான் செய்வது? காஞ்சிபுரத்துச் சாயப்பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. பட்டு நூலை எடுத்ததும் சாயத்தில் முக்க மாட்டார்கள். கொதிநீரில் போட்டு அதன் மேலிருக்கும் செரிசின் என்ற பசையைப் போக்குவார்கள். நூலின் எடையில் கால் பங்கு வரை குறைந்துவிடும். அந்த நஷ்டத்துக்குப் பயந்து பசையை விட்டுவைத்தால் சாயம் பிடிக்காது. காரிலும் அதே கதைதான். அழுக்கின் மேல் பூசிய மெழுகு, டப்பா எவ்வளவு விலை என்றாலும், இரண்டாவது கழுவலிலேயே கிளம்பிவிடும்.

முதலில் கையே வைக்காமல் தண்ணீரைப் பீய்ச்சிப் புழுதியை இறக்க வேண்டும். பிறகு கார் ஷாம்பு. துணி சோப்புத் தூளும் பாத்திரம் கழுவும் திரவமும் வேண்டாம், அவை இருக்கிற மெழுகையும் கழுவிக்கொண்டு போய்விடும். பக்கெட் இரண்டு வேண்டும்: ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். மேலிருந்து கீழாக வாருங்கள், சக்கரத்துக்கு வேறு துணி. துடைக்க மைக்ரோஃபைபர்.

கழுவி முடித்த பானட்டின் மேல், கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு தடவிப் பாருங்கள். கண்ணுக்குப் பளிங்கு போலிருந்த இடம் விரலுக்கு உப்புத்தாளாகத் தெரியும். வெறும் விரலுக்குத் தட்டுப்படாத நெருநெருப்பு அந்தப் பை வழியாகப் பளிச்சென்று தெரிவது, முதல் தடவை செய்கிறவரைத் திடுக்கிட வைக்கும். பிரேக் பேடிலிருந்து பறக்கும் இரும்புத் துகள், வெல்டிங் பொறி, ரயில் பாதையோரத்து இரும்புத் தூசி எல்லாம் கிளியர் கோட்டில் குத்திக்கொண்டு நின்று துருப்பிடிக்கும். இதற்கென்று விற்கும் இரும்பு நீக்கித் திரவத்தை நிழலில் நிறுத்திய காரில் தெளித்தால், துகள் இருக்கிற இடமெல்லாம் ஊதா நிறத்தில் கரைந்து வழியும். அது காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். மிச்சம் இருப்பதை கிளே பார் எடுக்கும். களிமண் போன்ற அந்தக் கட்டியை ஷாம்புத் தண்ணீரின் வழுவழுப்பில் லேசாக நகர்த்தினால் போதும், அழுத்தக் கூடாது. அது கீழே விழுந்தால் கழுவி எடுத்துக்கொள்ள முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான். மண் ஒட்டிய கிளேயால் தேய்ப்பதும் உப்புத்தாளால் தேய்ப்பதும் ஒன்று.

இதற்குப் பிறகுதான் பாலிஷ் வேண்டுமா என்ற கேள்வியே. கீறல் கண்ணை உறுத்தினால், இருப்பதிலேயே மிருதுவான பாலிஷில் தொடங்கி ஓரிடத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதிலேயே முக்கால்வாசி மறைந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். மிச்சமிருக்கும் நாலு கீறலோடு வாழலாம், கிளியர் கோட் இல்லாமல் வாழ முடியாது. பழைய ஆட்டோ, லாரிகளில் அடித்த எனாமல் பெயின்ட்டுக்கு கிளியர் கோட்டே இருக்காது. தேய்க்கிற துணியில் வண்டியின் நிறம் ஒட்டினால் அது அந்த வகை. பயப்பட வேண்டாம், ஆனால் கை இன்னும் லேசாக இருக்க வேண்டும். மேட் ஃபினிஷ் டேங்க் வைத்த புல்லட்டுக்கு பாலிஷ், மெழுகு இரண்டும் ஆகாது. தேய்த்த இடம் மட்டும் திட்டுத் திட்டாகப் பளபளத்து நிற்கும், அதைப் பழையபடி ஆக்க முடியாது.

சரி, எந்த மெழுகு? பெயர் பெற்றது கார்னாபா. பிரேசிலின் வடகிழக்கே, மழை குறைந்த பிரதேசத்தில் வளரும் ஒரு வகைப் பனை, வெயிலில் ஈரம் பறிபோகாமல் இருக்கத் தன் ஓலையின் மேல் தானே பூசிக்கொள்ளும் மெழுகு அது. ஓலையை உலர்த்தி அடித்து எடுப்பார்கள். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகிவிடும், கார்னாபாவுக்கு 82 டிகிரிக்கு மேல் வேண்டும். சுவாமிமலை ஸ்தபதிகள் சிலை வார்ப்புக்கு வெறும் தேன்மெழுகை வைத்துக்கொண்டு திண்டாடாமல் குங்கிலியம் கலந்து இறுக்கிக்கொள்வதும் சூட்டோடு நடத்துகிற இதே போராட்டம்தான். ஆனால் டப்பாவில் வருவது கலப்படமில்லாத கார்னாபா அல்ல. தனியாக அது கல் மாதிரி இறுகியிருக்கும், பூசவே முடியாது. எண்ணெயும் கரைப்பானும் வேறு மெழுகுகளும் சேர்த்துத்தான் குழைப்பார்கள். சித்திரை வெயிலில் அடர்நிற பானட் 70 டிகிரியைத் தொடும் ஊரில் அந்தக் கலவை ஒன்றிரண்டு மாதம் நின்றாலே அதிகம். அடர்நிற காரில் அது தரும் ஆழமான பளபளப்பு அழகுதான், கல்யாணத்துக்கு முதல் வாரம் பூசலாம்.

தினமும் ஒரகடம் போய்வந்து, வெட்டவெளியில் நிற்கிற காருக்கு நான் சொல்வது பாலிமர் சீலன்ட். வேதியியலில் உருவாக்கிய பூச்சு, வெயிலை நன்றாகத் தாங்கும். ஒரு தடவைக்கு நாலைந்து மாதம் எதிர்பார்க்கலாம். கோடைக்கு முன்னால் ஒன்று, ஐப்பசி மழைக்கு முன்னால் ஒன்று. பூசுவதற்கு முன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்த தண்ணீரால் துடைத்து பாலிஷின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிடுங்கள். நிழலில், தொட்டால் சுடாத தகட்டில், கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசாகப் பூசுங்கள். கனமாகப் பூசினால் துடைத்தெடுக்கிற வேலைதான் கூடும். கறுப்பு பிளாஸ்டிக்கில் பட்டால் வெள்ளையாகக் காய்ந்து நிற்கும், முதலிலேயே டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

செராமிக் கோட்டிங் வருடக்கணக்கில் நிற்கும், உண்மை. ஆனால் அடியில் இருக்கும் கீறலையும் அதோடு சேர்த்துப் பூட்டிவிடும். உலர்ந்த துணியால் துடைக்கும் பழக்கத்தை விடாதவர் அதற்குப் பணம் கொடுப்பது வீண். டெஃப்லான் கோட்டிங் என்று சர்வீஸ் சென்டரில் சொல்வதில் பெயர்தான் பெரிது. சமையல் சட்டியில் அந்தப் பொருளைப் பிடிக்கவைக்க 300 டிகிரிக்கு மேல் சூடு தேவை. காரை அப்படிச் சுட முடியுமா?

எதைப் பூசினாலும் போர் தண்ணீரை வெயிலில் காயவிடாதீர்கள். உப்பு வட்ட வட்டமாகப் படியும். புதிய கறை என்றால் தண்ணீர் கலந்த வினிகர் எடுத்துவிடும், பெயின்ட்டை அரித்துவிட்ட பழைய கறைக்கு பாலிஷ்தான். பறவை எச்சத்தை அன்றே ஊறவைத்து எடுங்கள். ஆயுத பூஜைக்கு பானட்டில் சந்தனமும் குங்குமமும் வைப்பதை யாரும் விடப்போவதில்லை, விடவும் வேண்டாம். கார் சூடு ஆறிய பிறகு வையுங்கள். மறுநாள் காலையில் சுரண்டாமல், ஈரத்துணியைப் போட்டு ஊறவைத்துக் கழுவிவிடுங்கள். அந்த இடத்தில் மட்டும் சீலன்ட்டை இன்னொரு முறை பூசினால் போதும்.