குழந்தைகளின் உறக்க வலிப்பு

வலிப்பு என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் பெற்றோர் மனம் கலங்குவது இயல்பே. அயலார் அறியாவண்ணம் மறைப்பதும், குழந்தையைப் பள்ளியினின்று நிறுத்துவதும் நம் ஊர்களில் இன்றும் காணக்கூடியவை. ஆனால் எல்லா வலிப்பும் ஒரே தன்மையுடையதன்று. வயது ஏறத் தானே மறையும் வகையும் உண்டு. அதனை நம் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

'ரோலாண்டிக் வலிப்பு' என்று இதனை வழங்குவர். மூளையில் இது தோன்றும் பகுதி, லூயிஜி ரோலாண்டோ என்னும் இத்தாலிய உடற்கூற்று அறிஞரின் பெயரால் வழங்குவதே காரணம்.

பெரும்பாலும் 4 முதல் 10 வயதுக்குள் இது தொடங்குகிறது. கண்ணயர்ந்த சிறிது நேரத்திலோ, விழிப்பதற்குச் சற்று முன்போ வருவதே வழக்கம். முகத்தின் ஒரு பக்கம் துடிக்கும், உமிழ்நீர் வழியும், நாக்கும் உதடும் மரத்தாற்போலாகும். குழந்தைக்கு நினைவிருக்கும், பேச்சு மட்டும் எழாது. இரண்டு மூன்று நிமிடங்களில் அடங்கிவிடும். சிற்சில வேளை உடல் முழுதும் பரவி நினைவு தப்புவதும் உண்டு.

நோயை நிர்ணயிக்க மருத்துவருக்கு முதல் துணை, நேரில் கண்டவர் சொல்லே. எந்நேரம் வந்தது, எப்பக்கம் துடித்தது, எத்தனை நிமிடம் நீடித்தது என்பவற்றை எழுதி வைத்தல் வேண்டும். கைப்பேசியில் படமெடுத்துக் காட்டுதல் இன்னும் சிறப்பு. அடுத்தது, மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. சோதனை. இதில் வலியில்லை, உடலில் மின்சாரம் செலுத்துவதுமில்லை. இந்நோய்க்குரிய கூரிய அலைகள் உறக்கத்தில் மிகுவதால், குழந்தை உறங்கும்போதும் பதிவு செய்வர். வலிப்பே வராத சில குழந்தைகளிடமும் இவ்வலைகள் தென்படலாம். ஆதலால் சோதனைத் தாளை மட்டும் கொண்டு முடிவு செய்தல் கூடாது. அடையாளங்கள் மாறுபட்டால் எம்.ஆர்.ஐ. படமும் தேவைப்படும்.

வலிப்பு எப்போதோ ஒருமுறை வருமாயின் மருந்தின்றியே கவனித்து வருவதுண்டு. அதனை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். தொடங்கிய மருந்தை நாமாக நிறுத்தலாகாது. பொதுவாகப் பருவமெய்தும் காலத்தை ஒட்டி இந்நோய் நீங்கிவிடுகிறது. எனினும் சில குழந்தைகள் வாசிப்பிலும் கவனத்திலும் பின்தங்கக்கூடும். ஆகவே ஆசிரியரிடம் மறைக்காது சொல்லி உதவி பெறுதல் முறை.

வலிப்பு வந்தால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதாலும், வாயில் கரண்டி வைப்பதாலும் பயனில்லை. பின்னது பல்லை உடைக்கும், மூச்சையும் அடைக்கும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க. முதன்முறை வந்த எந்த வலிப்பையும், அடங்கிவிட்டதென்று விடாது, மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும்.

ஓரிழை அறுந்ததென்று பாவையே ஒதுக்கிவிடும் நெசவாளர் எவருமிலர். சில இரவுகளில் வந்து போகும் நோய்க்காகக் குழந்தையின் கல்வியை அறுத்துவிடுதல் தகுமா? பெற்றோர் சிந்திப்பாராக.