ஞானப்பல் போன இடத்தில்

நாக்கு நுனியை முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் வையுங்கள். அங்கிருந்து ஒரு பக்கமாகப் பின்னால் நகர்த்திக்கொண்டே பற்களை எண்ணுங்கள். பத்து வயதுக்காரர்களுக்கு ஆறு வரும். பதின்மூன்று வயதென்றால் ஏழு வரலாம். எட்டாவது பல் வெளியே தெரியாது. ஆனால் அது உங்களில் பலருக்கு இப்போதே தாடை எலும்புக்குள் உருவாகத் தொடங்கியிருக்கும். 17 வயதுக்கும் 25 வயதுக்கும் நடுவில் மெல்லத் தலைகாட்டும். அறிவு முதிரும் வயதில் முளைப்பதால் அதற்கு ஞானப்பல் என்று பெயர். வாயின் நான்கு மூலைக்கும் ஒன்றாக நான்கு முளைத்தால்தான் 32 பல் என்ற கணக்கு நிறையும். சிலருக்கு ஒன்றிரண்டு உருவாகவே உருவாகாது. அதனால் ஒரு குறையும் இல்லை.

கடைசியாக வருகிறதல்லவா, பலருக்கு இடம் போதாமல் போய்விடுகிறது. நம் முன்னோர் கிழங்கையும் இறைச்சியையும் வெகுநேரம் மென்றார்கள், அவர்கள் தாடை பெரிதாக இருந்தது. சமைத்து மெத்தென்று சாப்பிடப் பழகிய பிறகு தாடை சிறுத்துவிட்டது என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள்.

என் அண்ணன் மகள் கல்லூரியில் படிக்கிறாள். போன மழைக்காலத்தில் அவளுக்குக் கீழ்த்தாடையின் ஓரம் வீங்கி, வாயைத் திறக்கவே முடியவில்லை. பல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். கருவி தலையைச் சுற்றி வந்து, வாய் முழுவதையும் ஒரே படமாகப் பிடித்தது. எட்டாவது பல் நிமிர்ந்து நிற்காமல், ரயில் பெர்த்தில் படுத்திருப்பவரைப் போலக் கிடந்து ஏழாவது பல்லை இடித்துக்கொண்டிருந்தது. பாதி மூடிய ஈறுக்கடியில் சோற்றுப் பருக்கை சிக்கி, கிருமி சேர்ந்துவிட்டது. வேருக்குக் கீழே மெல்லிய கோடு ஒன்று ஓடியது. கீழ் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு போகும் பாதை அது. டாக்டர் அந்தக் கோட்டைத்தான் வெகுநேரம் பார்த்தார். வேர் நரம்புக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் பல்லைத் தொடவேண்டும்.

எல்லா ஞானப்பல்லையும் எடுக்க வேண்டியதில்லை. தொல்லை தராத பல்லை எடுக்க வேண்டாம் என்று பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டிலேயே மருத்துவர்களுக்கு வழிகாட்டுதல் வந்துவிட்டது. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. இவளுடையது தொல்லை தந்தது, எடுத்தார்கள்.

வெளியே வந்ததும் பஞ்சைக் கடித்தபடியே குழறிச் சொன்னாள்: “வலிக்கவே இல்ல அத்தை. சத்தம்தான் பயமா இருந்துச்சு.” மரத்துப்போக ஊசி போட்டதும், வலி என்ற செய்தி நரம்பு வழியே மூளைக்குப் போவது நின்றுவிடுகிறது. அழுத்துவதும் இழுப்பதும் மட்டும் தெரியும். சத்தமோ காற்று வழியாக மட்டுமல்ல, தாடை எலும்பு வழியாகவும் நேராகக் காதுக்குள் போகிறது. இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு ஒரு முறுக்கைக் கடித்துப் பாருங்கள், புரியும். படுத்திருந்த பல்லை முழுசாக எடுக்கப் பெரிய வழி வெட்டவேண்டும் என்பதால், டாக்டர் அதை இரண்டாகப் பிளந்து எடுத்திருந்தார். துண்டுகள் தட்டில் கிடந்தன. ஈறில் மூன்று தையல்.

இனிதான் உடம்பு செய்யும் வேலை. பல் இருந்த குழியில் ரத்தம் நிரம்பி உறைகிறது. ரத்தத்திலிருக்கும் ஒரு புரதம் நூல் நூலாக மாறி வலை பின்ன, அதில் ரத்த அணுக்கள் சிக்கிக் கட்டியாகின்றன. கருஞ்சிவப்பு ஜெல்லி மாதிரி இருக்கும் அந்தக் கட்டிதான் குழிக்கு மூடி. புதுத் திசு வளர அதுவே சாரமும். அரை மணிக்கு மேல் பஞ்சைக் கடித்திருக்கச் சொல்வது அது உருவாகத்தான்.

அன்று மாலை அவள் ஜூஸில் ஸ்ட்ராவைப் போட்டாள். நான் பிடுங்கி வைத்தேன். ஸ்ட்ராவில் உறிஞ்சினால் வாய்க்குள் காற்றழுத்தம் குறையும், அந்தக் கட்டி பெயர்ந்து வந்துவிடலாம். ஓங்கித் துப்பினாலும் அப்படித்தான். எச்சிலில் சிவப்பு கலந்து வந்தால் பயந்து துப்பிக்கொண்டே இருக்கக் கூடாது. சொட்டு ரத்தமும் எச்சிலோடு கலந்தால் நிறையத் தெரியும். கட்டி போய்விட்டால் எலும்பு வெறுமையாகி, மூன்றாம் நாள் வாக்கில் காது வரைக்கும் வலி தெறிக்கும். அப்போது உடனே டாக்டரிடம் போனால், குழியைக் கழுவி மருந்து வைப்பார்.

உதடு மரத்திருக்கும்போது சூடாக எதுவும் வேண்டாம். சுட்டாலும் தெரியாது, உதட்டைக் கடித்தாலும் தெரியாது. முதல் நாள் ஐஸைத் துணியில் சுற்றிக் கன்னத்தில் விட்டு விட்டு ஒத்தினோம். ஆறிய ரசம் சாதம், குழைந்த தயிர்சாதம், ஐஸ்கிரீம் ஸ்பூனில். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்துத் தலையைச் சாய்த்து, கொப்பளிக்காமல் தானாக வழியவிட்டாள்.

இரண்டாம் மூன்றாம் நாள் கன்னம், கொழுக்கட்டையை அடக்கியதுபோல் வீங்கியது. கண்ணாடியைப் பார்த்து அழுதாள். காயத்தைச் சரிசெய்ய ரத்தத்திலிருந்து நீரும் வெள்ளணுக்களும் அங்கே கூடுவதால் வரும் வீக்கம் அது. நான்காம் நாள் வடியத் தொடங்கியது. அதற்குப் பிறகும் வீக்கம் ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, ரத்தம் நிற்காவிட்டாலோ டாக்டரிடம் சொல்லவேண்டும்.

ஒரு மாதம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தேன். குழியின் வாய் இளஞ்சிவப்பாக மூடியிருந்தது. உள்ளே எலும்பு நிரம்ப இன்னும் சில மாதம் ஆகும். நாக்கால் தடவினால் சின்னப் பள்ளம் தெரிகிறதாம். தடவிப் பார்த்துவிட்டு, அடுத்த நொடி கையில் முறுக்கை எடுத்தாள்.