'நாக்' என்றால் மூக்கு

திருப்பூரில் வேலை பார்க்கும் பீகார்த் தொழிலாளி மூக்கடைத்தால் மருந்துக் கடையில் 'நாக் பந்த்' என்பார். இந்தியில் நாக் என்றால் மூக்கு. தமிழ்க் காதுக்கு அது நாக்கு. விரலால் தொட்டுக் காட்டினால் மூக்கு என்பது விளங்கிவிடும். ஆனால் எத்தனை வாரமாகச் சளி, ஒரு பக்கமா இரு பக்கமா, வாசனை தெரிகிறதா என்பதையெல்லாம் எந்த விரலால் காட்டுவது? அடைப்பை நீக்கும் சொட்டு மருந்தைக் கேள்வியில்லாமல் வாங்கிக்கொண்டு போகிறார். அதை வாரக்கணக்கில் மூக்கில் விட்டுக்கொண்டே இருந்தால் அடைப்பு முன்னைவிட மோசமாகும் என்று அவருக்குப் புரியும்படி சொல்ல ஆளில்லை.

தமிழ் பேசுகிறவருக்கும் மொழி தடையாகத்தான் இருக்கிறது.

சைனஸ் என்பது நோயே அல்ல. நெற்றியிலும் கன்னத்திலும் கண்களுக்கு நடுவிலும் மூக்குக்குப் பின்னாலும் எலும்புக்குள் இருக்கும் காற்றறைகளின் பெயர் அது. நாமோ ஒவ்வாமை, மூக்கில் சதை வளர்ச்சி, மேல் கடைவாய்ப்பல் சீழ், ஒற்றைத் தலைவலி எல்லாவற்றையும் 'எனக்கு சைனஸ் இருக்கு' என்ற ஒரே வரியில் போட்டு மூடிவிடுகிறோம். அமெரிக்காவில் சைனஸ் தலைவலி இருப்பதாகக் கருதப்பட்ட 2,991 பேரை ஆராய்ந்து 2004-ல் வெளியான ஆய்வில், 88 சதவீதம் பேரின் அறிகுறிகள் ஒற்றைத் தலைவலிக்கே பொருந்தின.

வெட்கம் இன்னொரு தடை. சளியில் நாற்றம் அடிப்பதை, கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் ஒரு பெண் வாய் திறந்து சொல்வது எளிதல்ல. 'தலைக்குக் குளிச்சதுல நீர் கோத்துக்கிச்சு' என்று நொச்சி ஆவி பிடிக்கச் சொல்வார்கள். ஆவி இதமாகத்தான் இருக்கும். ஆனால் சளியும் அடைப்பும் 12 வாரம் தாண்டினால் அது நாள்பட்ட சைனஸ் அழற்சி. காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்தாக வேண்டும். அந்த மருத்துவர் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் தினக்கூலிக்காரருக்கு ஒரு நாள் சம்பளம் போகும். 'ஆபரேஷன் செஞ்சாலும் திரும்ப வரும்' என்ற பேச்சும் காலைக் கட்டும். மூக்குச் சதை மறுபடி வளர்வது உண்டுதான். அறுவைக்குப் பிறகும் மருத்துவர் தரும் மூக்கு ஸ்பிரேயை விடாமல் அடித்து, உப்புநீரால் மூக்கைக் கழுவி வந்தால் பெரிதும் கட்டுப்படும் என்பதைச் சேர்த்துச் சொல்வார் குறைவு.

'சைனஸ்தானே' என்று விடுவது எவ்வளவு ஆபத்து என்பதைக் கருப்புப் பூஞ்சை நோய் காட்டியது. 2021 மே மாதம் தமிழக அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர்களின் மூக்கிலும் சைனஸ் அறைகளிலும் தொடங்கி, அது கண்ணுக்கும் மூளைக்கும் ஏறியது. ஒரு பக்கக் கன்ன வலி, மரத்துப்போதல், மூக்கடைப்பு எனச் சாதாரண சைனஸ் போலவே தொடங்கியதுதான் அதன் கொடுமை.

புறநோயாளிச் சீட்டு தரும் இடத்தில் நாலைந்து கேள்விகளை இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் எழுதி ஒட்டப் பெரிய செலவாகாது. அரசு அதைச் செய்ய வேண்டும். வாசகர்களும் மருத்துவரிடம் 'சைனஸ்' என்று சொல்லி நிறுத்தாதீர்கள். எந்தப் பக்கம், எத்தனை நாள், என்ன நிறச் சளி என்று சொல்லுங்கள். சர்க்கரை உள்ளவருக்குக் கன்னம் மரத்தாலோ பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.